சாப்பிட்டியா என்று மட்டும் கேட்கிற அப்பா

வேங்கிக்கால்,
திருவண்ணாமலை.

அன்புள்ள கண்ணுவுக்கு அத்தை எழுதுவது.

நீ வாட்ஸ்அப்பில் அனுப்பிய நீளமான செய்தியைப் படித்தேன். போனில் பேசினால், அறையில் மற்ற பிள்ளைகள் இருக்கிறார்களே என்று நீ பாதியை விழுங்கிவிடுவாய். நானும் நடுவில் புகுந்து பேசுவேன். அதனால் கடிதமாகவே எழுதுகிறேன். நிதானமாகப் படி.

எம்-1 தாளில் அரியர் விழுந்ததைப் பற்றி நீ எழுதியது ஒரே வரி. மிச்சம் முழுக்க உன்னைப் பற்றி நீயே சொல்லிக்கொண்ட தீர்ப்பு. "நான் எதுக்கும் லாயக்கில்ல அத்தை. கிளாஸ்ல எல்லாரும் எங்கயோ இருக்காங்க. லீவுக்கும் நான் வரல, ஹாஸ்டல்லயே இருந்துக்கறேன். அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க." அரியரைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. முதல் செமஸ்டரில் கணக்குத் தாளை விட்டுவிட்டுப் பிறகு எழுதித் தேறியவர்கள் எத்தனையோ பேர். நீயும் தேறுவாய். அந்தத் தீர்ப்புதான் என்னைத் தூங்கவிடவில்லை. அது உன் கல்லூரியில் எழுதப்பட்டதில்லை, நம் வீட்டுக் கூடத்தில் எழுதப்பட்டது. அந்த வார்த்தையை உன் அப்பா வாயால் நானே கேட்டிருக்கிறேன். அதோடு சேர்ந்து வரும் அடுத்த வாக்கியத்தையும் கேட்டிருக்கிறேன்: "அத்தை பையனைப் பாரு." என் மகனை உனக்கு அளவுகோலாக வைத்தார்கள். அது அவனுக்கும் தெரியும், அவனுக்கும் அது ஒருநாளும் பிடித்ததில்லை.

நான் எம்.எட். படித்தபோது பாடத்தில் மோரிஸ் ரோசன்பெர்க் என்று ஒரு அமெரிக்கச் சமூகவியலாளரின் பெயர் வந்தது. நியூயார்க் மாநிலத்தில் 10 அரசுப் பள்ளிகளின் மாணவர்கள் 5,024 பேரிடம் கேட்டறிந்து 1965-ல் ஒரு புத்தகம் வெளியிட்டவர். எல்லாம் பள்ளிப் படிப்பை முடிக்கப்போகிற பிள்ளைகள், உன்னைவிட ஒன்றிரண்டு வயது சின்னவர்கள். ஒருவர் தன்னைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று அளப்பதற்காக அவர் 10 வாக்கியங்கள் எழுதினார். முழுச் சம்மதம் என்பதிலிருந்து துளியும் சம்மதமில்லை என்பதுவரை ஒவ்வொன்றுக்கும் நான்கு பதில்கள். இன்றைக்கும் நம் பக்கத்துக் கல்வியியல் மாணவர்கள் தன்மதிப்பைப் பற்றி ஆய்வு செய்யப் போனால் பெரும்பாலும் அந்தப் பத்து வாக்கியங்களைத்தான் எடுத்துக்கொண்டு போகிறார்கள்.

அளவுகோலைவிட எனக்குள் தங்கியது அவர் வீட்டைப் பற்றிக் கேட்டவை. உன் தோழர்களை உன் அம்மாவுக்குத் தெரியுமா? மதிப்பெண் குறைந்தால் வீட்டில் என்ன செய்வார்கள்? சாப்பிட உட்காரும்போது நடக்கும் பேச்சில் நீயும் கலந்துகொள்வாயா? எவ்வளவு சின்னக் கேள்விகள் பார். குறைந்த மதிப்பெண்ணுக்குத் திட்டிய, தண்டித்த வீட்டுப் பிள்ளைகளின் தன்மதிப்பு, ஆதரவாக நடந்துகொண்ட வீட்டுப் பிள்ளைகளுடையதைவிடக் குறைவாக இருந்தது. அது எதிர்பார்த்ததுதான். அவர்களுக்கும் கீழே இருந்தவர்கள் யார் தெரியுமா? பெற்றோர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை என்று சொன்ன பிள்ளைகள். திட்டைவிட அதிகமாகக் காயப்படுத்தியது கண்டுகொள்ளாமை.

அவை பிள்ளைகள் சொன்ன பதில்கள் என்பதையும் மறக்கக் கூடாது. தன்னைத் தாழ்வாக நினைக்கிற பிள்ளைக்குப் பெற்றோர் அக்கறையாகச் செய்தது நினைவில் நிற்காமலும் போகலாம். எது காரணம், எது விளைவு என்று அதை வைத்து அடித்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் பள்ளிக்கூடத்திலேயே வாழ்க்கையைக் கழித்த எனக்கு அந்த முடிவு சரியென்றே படுகிறது. பெற்றோர் கூட்டம் என்றால் "கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க டீச்சர்" என்று சொல்லும் அம்மா ஒருத்தராவது இருப்பார். பக்கத்தில் அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கும். "உங்க பொண்ணோட சிநேகிதி யாரும்மா?" என்று கேட்டால் அதே அம்மாவுக்குப் பதில் தெரியாது. சாப்பிடும்போது பேசக் கூடாது என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம். பிறகு தட்டுக்கு எதிரில் சீரியல் வந்து உட்கார்ந்தது. அடித்து வளர்த்தோம் என்பது பாதி உண்மைதான். பேசாமல் வளர்த்தோம் என்பது மீதி.

உன் அப்பாவைப் பற்றி உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அவன் பத்தாம் வகுப்போடு நின்றவன் என்று உனக்குத் தெரியும். வீட்டுக் கஷ்டத்தால் நின்றான் என்று நீ நினைத்திருப்பாய். கஷ்டம் இருந்தது. அம்மா கூலிக்கு மல்லாட்டை பிடுங்கப் போன காலம் அது. ஆனால் அவனை யாரும் நிறுத்தவில்லை. பொதுத்தேர்வில் ஆங்கிலத்தில் தவறிவிட்டான். கணக்கில் வகுப்பிலேயே அவன்தான் முதல். ரிசல்ட் வந்த அன்று வீட்டில் ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஏன் போச்சு என்று அப்பா கேட்கவில்லை. திரும்ப எழுது என்று அம்மா சொல்லவில்லை. அவர்களுக்கு அதெல்லாம் தெரியாது என்று இன்றைக்கு நான் சொல்லலாம். பதினைந்து வயதுப் பையனுக்கு அது எப்படித் தெரியும்? தன் தோல்வி இந்த வீட்டில் ஒரு சேதியே இல்லை என்றுதான் அவன் புரிந்துகொண்டான். அடுத்த மாதம் மோட்டார் காயில் கட்டும் பட்டறையில் சேர்ந்துவிட்டான். இன்றுவரை அந்த ஆங்கிலத் தாளை எழுதவில்லை.

அவனுக்குப் பிள்ளை பிறந்தபோது, தான் தன் அப்பாவைப் போல இருந்துவிடக் கூடாது என்று முடிவு செய்திருப்பான். என்ன படிக்கிறாய், எவ்வளவு வாங்கினாய், ஏன் குறைந்தது என்று அவன் கேட்டுக்கொண்டே இருந்தது அதனால்தான். அவனுக்குத் தெரிந்த அக்கறையின் வடிவம் அது ஒன்றுதான். இதைச் சொல்வது அவன் சொன்ன சொல்லுக்கு நியாயம் கற்பிக்க இல்லை. லாயக்கில்லை என்ற சொல் பிள்ளையின் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும், சொன்னவர் மறந்த பிறகும் பேசும். ஒப்பிட்டுப் பேசுவதும் அப்படித்தான். உனக்கு வலித்தது உண்மை, வலிக்க வேண்டியதுதான். ஆனால் அந்தச் சொல்லை உன் தகுதிக்கான தீர்ப்பாக நீ படித்துவிட்டாய். தன் மகள் தோற்றால் அது தன் வீட்டில் பெரிய சேதியாக இருக்க வேண்டும் என்று விரும்பிய ஒருவனின் பயம் அது. இரண்டும் ஒன்றில்லை.

இப்போதும் தினம் ராத்திரி போன் செய்து "சாப்பிட்டியா, பணம் இருக்கா" என்று கேட்டுவிட்டு வைத்துவிடுகிறான் என்று எழுதியிருக்கிறாய். நீ சென்னை போன பிறகு அவன் மதிப்பெண்ணைக் கேட்பதை நிறுத்திவிட்டான், கவனித்தாயா? உன் பாடம் அவனுக்கு எட்டாத இடத்துக்குப் போய்விட்டது. அதைப் பற்றி எப்படிக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. தெரிந்த இரண்டு கேள்விகளோடு தினமும் வருகிறான். நீ அதைக் கண்டுகொள்ளாமை என்று கணக்கு வைத்திருக்கிறாய்.

வகுப்பைப் பற்றி எழுதியிருந்தாயே, அங்கே வேறொரு விஷயம் இருக்கிறது. அதே ரோசன்பெர்க், ராபர்ட்டா சிம்மன்ஸ் என்ற அம்மையாரோடு சேர்ந்து பால்டிமோர் நகரப் பள்ளிப் பிள்ளைகளைப் பற்றி 1971-ல் ஒரு புத்தகம் எழுதினார். கறுப்பினப் பிள்ளைகளைச் சமூகம் அவ்வளவு தாழ்த்தியதே, அவர்களின் தன்மதிப்பு வெள்ளையரைவிடக் குறைவாகத்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அப்படி இல்லை. பிள்ளைகள் தங்களை அளப்பது தூரத்துச் சமூகத்தை வைத்து அல்ல. அம்மா, அப்பா, கூடப் படிப்பவர்கள், டீச்சர் என்று பக்கத்தில் இருப்பவர்களை வைத்துத்தான். ஆனால் பெரும்பாலும் வெள்ளைப் பிள்ளைகளே படிக்கும் பள்ளிக்குப் போய்ச் சேர்ந்த கறுப்பினப் பிள்ளைகளிடம் தன்மதிப்பு குறைந்திருந்தது. கூட்டம் மாறியதும் அளவும் மாறிவிட்டது.

உனக்கும் அதுதான் நடந்திருக்கிறது. இங்கே அரசுப் பள்ளியில் நீ முதல் வரிசை. அங்கே உன்னைச் சுற்றி எல்.கே.ஜி-யிலிருந்து ஆங்கிலத்தில் படித்தவர்கள், அப்பா அம்மா இரண்டு பேரும் பட்டதாரியாக இருப்பவர்கள். அவர்கள் வாய் திறந்து சந்தேகம் கேட்கிறார்கள், நீ எழுதிவைத்துக்கொண்டு அறைக்கு வருகிறாய். குறைந்தது உன் மூளை இல்லை. நீ நிற்கும் வரிசை மாறியிருக்கிறது.

கவுன்சிலிங் போகும் முன் முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காக இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தோமே, நினைவிருக்கிறதா? இரண்டு பக்கத் தாத்தா பாட்டி, அப்பா அம்மா, உடன்பிறந்தோர் என்று யாரும் பட்டம் பெறவில்லை என்று வருவாய்த்துறை எழுதிக் கொடுக்கும் தாள். அத்தை எம்.எட். படித்திருந்தாலும் அந்தக் கணக்கில் வரமாட்டாள். வகுப்பில் யார் யார் முதல் பட்டதாரி என்று கேட்டபோது நீ கையைத் தூக்கத் தயங்கினாய் என்று எழுதியிருக்கிறாய். 2010-லிருந்து இந்தச் சலுகையில் படித்து வெளியே வந்தவர்களை நினைத்துப் பார். 2021-22-க்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பில், கல்லூரி வயதினரை வைத்துப் பார்த்தால் தமிழ்நாட்டின் சேர்க்கை விகிதம் நூற்றுக்கு 47, நாடு முழுவதற்கும் 28.4. அந்த 47 எப்படி வந்தது? உன்னைப் போன்ற வீடுகள் கதவைத் திறந்ததால் வந்தது. உன் வகுப்பிலேயே இன்னும் சிலர் கையைத் தூக்காமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்களைக் கண்டுபிடி. எம்-1 தாளை அவர்களோடு சேர்ந்து படி. இதுதான் நான் உன்னிடம் முதலில் செய்யச் சொல்லும் காரியம்.

மாதாமாதம் உன் கணக்கில் ஏறும் புதுமைப் பெண் 1,000 ரூபாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989-ல் தொடங்கியது திருமண உதவித் திட்டம். பிற்பாடு அதோடு தாலிக்குத் தங்கமும் கொடுத்தார்கள். என்னிடம் படித்த பெண்களின் அம்மாக்கள் பத்தாம் வகுப்புவரை பெண்ணை நிறுத்தாமல் வைத்திருந்ததற்கு அதுவும் ஒரு காரணம், அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். அதே அம்மையாரின் பெயரில், 2022 செப்டம்பர் 5-லிருந்து அந்தப் பணம் பெண்ணின் மேல்படிப்புக்கு, பெண்ணின் கணக்குக்கே வருகிறது. உன்னை வீடு எப்படிப் பார்க்க வேண்டும் என்பதையே அது கொஞ்சம் மாற்றியிருக்கிறது. உன் அம்மா சீட்டுக்குக் கேட்டால் கொடுப்பதும் கொடுக்காததும் உன் விருப்பம். எதுவானாலும் யோசித்து நீயே முடிவெடு. சின்னத் தொகையானாலும் தானே முடிவெடுத்துப் பழகுகிற பெண்ணுக்கு முதுகு நிமிரும்.

லீவுக்கு வரமாட்டேன் என்று எழுதியதற்கு வருகிறேன். இந்த ஊரில் இருந்துகொண்டு, வீட்டில் ஒரு சொல் தாங்காமல் கிளம்பிவந்த பையனின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது. 1896-ல் மதுரையில் பதினாறு வயது வேங்கடராமனை, படிப்பில் மனமில்லாததைப் பார்த்து அண்ணன் நாகசுவாமி கடிந்துகொண்டார். அண்ணனின் கல்லூரிக் கட்டணத்துக்கான ஐந்து ரூபாயில் மூன்றை எடுத்துக்கொண்டு பையன் புறப்பட்டு, செப்டம்பர் 1 அன்று திருவண்ணாமலை வந்து சேர்ந்தார். திட்டு வாங்கி வீட்டை விட்டால் ரமணராகலாம் என்று இதைப் படிக்கிறவர்கள் உண்டு. எனக்கு முக்கியமாகப் படுவது அவர் விட்டுவந்த கடிதம். உன் கட்டணம் இன்னும் கட்டவில்லை, மிச்சம் இரண்டு ரூபாய் இதோடு இருக்கிறது என்று அண்ணனுக்குக் கணக்குச் சொல்லிவிட்டுத்தான் போனார். இருபது வருஷம் கழித்து அம்மா அழகம்மாள் இங்கே வந்து மகனோடு இருந்துவிட்டார். 1922-ல் அவர் இறந்தார். செங்கம் சாலையில் இன்று நீ பார்க்கும் ஆசிரமம் அந்த அம்மாவின் சமாதியைச் சுற்றி வளர்ந்தது. எல்லாவற்றையும் விட்டவருக்கே வீட்டோடு கணக்கு அறுந்துவிடவில்லை. நீ ஒரு அரியருக்காக அறுத்துக்கொள்ள வேண்டாம்.

விலக வேண்டிய வீடுகளும் உண்டு. குடித்துவிட்டு வந்து பிள்ளையின் புத்தகத்தைக் கிழித்த அப்பாக்களை நான் பார்த்திருக்கிறேன். கைமேல் சூடு போட்டதை மறைக்க முழுக்கை சட்டை போட்டுவந்த பெண்ணையும் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளிடம் போய், அதற்குள்ளே அன்பைத் தேடு என்று நான் சொல்ல மாட்டேன், யாரும் சொல்லவும் கூடாது. அவர்களுக்கு ஒரு டீச்சரோ ஒரு சித்தியோ ஒரு தோழியின் அம்மாவோ கிடைத்தால் போதும், அவர்கள் நிமிர்ந்துவிடுகிறார்கள். உன் அறைத்தோழிகளில் அப்படி யாராவது இருந்தால் அவளுக்கு நீ காது கொடு. அவளுக்கோ உனக்கோ ராத்திரியில் தாங்க முடியாமல் போனால் 14416 என்ற எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அரசு மனநல உதவி எண் அது. எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம், காசு கிடையாது. அங்கே பேசுவதை அவமானம் என்று எவளாவது சொன்னால் அவளோடு பேசுவதைக் குறைத்துக்கொள்.

இனி அப்பாவிடம் சொல்வது. சொல்லத்தான் வேண்டும். அவனுக்கே ஒரு தாள் போயிருக்கிறது, அதை யாரும் கேட்காததன் வலி தெரிந்தவன். இந்தச் சேதியை உன்னிடமிருந்து கேட்க இந்த உலகத்தில் அவனைவிடத் தகுந்த ஆள் இல்லை. மெசேஜில் அனுப்பாதே. அம்மா மூலம் தெரிய விடாதே. ராத்திரி போன் வரும்போது "சாப்பிட்டேன்பா, பணம் இருக்கு, ஒரு பேப்பர் போயிடுச்சு" என்று ஆரம்பி. எப்போது திரும்ப எழுதுவாய், யாரோடு படிக்கிறாய் என்பதையும் கையோடு சொல்லிவிடு. முதலில் கத்துவான். கத்தட்டும். லாயக்கில்லை என்றால், "அப்படிச் சொல்லாதப்பா, எனக்கு வலிக்குது" என்று அழாமல் சொல். அழுகை வந்தாலும் பரவாயில்லை, சொல்லிவிடு. நம் வீட்டில் யாரும் அவனிடம் அந்த வாக்கியத்தைச் சொன்னதில்லை.

அதற்குப் பிறகு தினமும் அவன் கேட்காத ஒன்றை நீயாகச் சொல். தோழிகளின் பெயரைச் சொல். யாருக்கு எந்த ஊர், யார் குறட்டை விடுவாள், கேன்டீனில் என்ன கொடுத்தார்கள் என்று சொல். ஒரு வாரம் ஊம் ஊம் என்பான். பிறகு அவனே "அந்தப் பண்ருட்டிப் பொண்ணு ஊருக்குப் போயிடுச்சா?" என்று கேட்பான், பாரேன்.

அமெரிக்காவில் எமரி பல்கலைக்கழகத்தின் மார்ஷல் டியூக், ராபின் ஃபிவுஷ் என்ற இரண்டு உளவியலாளர்கள் பிள்ளைகளிடம் கேட்பதற்கு 20 கேள்விகள் வைத்திருந்தார்கள். உன் தாத்தா பாட்டி எங்கே வளர்ந்தார்கள், உன் பெற்றோர் எங்கே சந்தித்துக்கொண்டார்கள், குடும்பத்துக்கு வந்த பெரிய கஷ்டம் எது என்பது போன்றவை. அதிகம் தெரிந்த பிள்ளைகளுக்குத் தன்மதிப்பும் அதிகமாக இருந்தது. தகவலைப் படித்து வைத்துக்கொண்டால் வரும் பலனில்லை அது. சேர்ந்து உட்கார்ந்து பேசுகிற வீட்டில்தான் அந்தக் கதைகள் பிள்ளைக்கு வந்து சேர்கின்றன. ஆகவே ஆங்கிலத் தாள் கதையை நான் சொன்னதாகக் காட்டிக்கொள்ளாதே. "பத்தாவதுல என்னப்பா ஆச்சு?" என்று அவனையே கேள். அதை நீ கடனாகச் சுமக்க வேண்டியதில்லை. அவன் விட்ட படிப்பை நீ முடிக்கப் பிறக்கவில்லை.

தம்பியை மறந்துவிடாதே. போன வாரம் உன் அம்மா அவனிடம் "அக்காவைப் பாரு, அண்ணா யுனிவர்சிட்டி கவுன்சிலிங்ல சீட் வாங்கினா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அவன் முகம் போன போக்கைப் பார்த்தேன். என் மகன் உனக்கு இருந்த இடத்தில் இப்போது நீ அவனுக்கு இருக்கிறாய். போதாததற்கு, ஒரு வீட்டில் ஒருவருக்குத்தான் முதல் பட்டதாரிச் சலுகை. அது உன்னோடு முடிந்தது. உனக்கு அரியர் இருப்பதை அவனுக்கும் சொல். ஒன்பதாம் வகுப்புப் பையனுக்கு அதைவிடப் பெரிய உபகாரம் நீ செய்ய முடியாது.

சனிக்கிழமை உன் அப்பா வருகிறான், என் வீட்டு போர் மோட்டாரைக் கழற்ற. கலெக்டர் ஆபீஸ் பக்கம் அவனுக்கு வேறு வேலையும் இருக்கிறதாம், மத்தியானம் இங்கேதான் சாப்பாடு. என் மகனை யாருக்கும் அளவாக வைக்காதே என்று அவனிடம் கண்டிப்பாகச் சொல்லப்போகிறேன். அது அக்காவாக என் பங்கு. அரியரைப் பற்றி வாய் திறக்க மாட்டேன். அதற்குள் நீ அவனிடம் சொல்லிவிட்டால் எனக்கு ஒரு மெசேஜ் போடு, நான் தெரியாதது போல் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

சித்ரா பௌர்ணமிக் கூட்டத்தில் மாட்டிக்கொள்ளாதே. அன்றைக்குப் பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியிலேயே நிறுத்திவிடுவார்கள். இரண்டு நாள் முன்னாலேயே வந்துவிடு. எம்-1 புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு வா. உன் அப்பாவுக்குக் கணக்கு இன்னும் மறக்கவில்லை.

அன்புடன்,
அத்தை